மீந்த அண்டாவை எங்கே அனுப்புவது? ஐந்து வழிகளும் அவற்றின் மறைசெலவுகளும்

இரவு பதினொன்றே கால். வரவேற்பு முடிந்து மேடைப் பூக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சமையல்கட்டில் ஓர் அண்டா நிறையச் சாம்பார் சாதம், அரை அண்டா தயிர் சாதம், இரண்டு தட்டு லட்டு, ஒரு வாளியில் குருமா. எண்ணூறு பேருக்குச் சொல்லியிருந்தார்கள். விழுந்தது அறுநூற்றைம்பது இலை. விடியற்காலையில் வேறொரு மண்டபத்தில் முகூர்த்தச் சமையல் இருப்பதால் காண்ட்ராக்டருக்குப் பாத்திரம் உடனே காலியாக வேண்டும். பெண் வீட்டுப் பெரியவர் “வீணாக்காமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மண்டப மேலாளர் கைப்பேசியில் எண் தேடிக்கொண்டிருக்கிறார்.

மீந்த உணவை எடுத்துச் செல்லும் தன்னார்வலனாக இப்படிப்பட்ட சமையல்கட்டுகளில் சில வருடங்கள் நின்றிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, ஒரு மண்டப மேலாளரும், ஐம்பது பேர் சாப்பிடும் மெஸ் நடத்தும் அம்மா ஒருவரும், ஒரு பேக்கரிக்காரரும் அடுத்தடுத்து ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள்: “மீந்ததை எங்கே கொடுத்தால் நல்லது?” மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் போன்றவற்றில், 12 சதவீதம் சில்லறைக் கடைகளில். இந்தப் பின்னிரண்டையும் சேர்த்தால் வருகிற 40 சதவீதம்தான் நம் பேச்சு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மிச்சம் வேறு, எச்சில் வேறு. அண்டாவில் நின்றது மிச்சம். இலையில் விழுந்தது எச்சில். நம் சமையல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழப்பம் வருவது பஃபேயில்தான். மூன்று மணி நேரம் திறந்து கிடந்து, நூறு கைகள் கரண்டி போட்ட தட்டு மிச்சமா எச்சிலா? நான் அதை எச்சில் கணக்கில்தான் வைப்பேன். உள்ளே சமையல்கட்டில் மூடி இருந்தது மட்டும் கொடுக்கத் தக்கது.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதியிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அதற்கு வாடையும் கிடையாது. “மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது” என்ற சமையல் மாஸ்டரின் சான்றிதழ் இங்கே செல்லாது. சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கடன்தான்.

இதில் அண்டா நமக்கு எதிரி. மேலே தொட்டால் ஆறியிருக்கும். கரண்டியை நடுவில் இறக்கினால் ஆவி பறக்கும். அந்த நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாள் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் சோற்றை அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எத்தனை மண்டபங்களில் அதற்கு இடம் இருக்கிறது?

பண்டத்துக்குப் பண்டமும் கெடு மாறும். தேங்காய்ச் சட்னிதான் முதலில் போகும். பிறகு தேங்காய் அரைத்துவிட்ட குருமா, அவியல், கூட்டு. பால் பாயசத்தையும் நம்ப முடியாது. புளியோதரை தாக்குப்பிடிக்கும். லட்டு, மைசூர்பாகுக்கு நாள் கணக்கு.

அளவு. பத்துப் பேருக்கான மிச்சத்தையும் நூற்றைம்பது பேருக்கான மிச்சத்தையும் ஒரே வழியில் அனுப்ப முடியாது.

கைச்செலவு. வண்டி, டப்பா, ஆள். பலர் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

பொறுப்பு. சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

வாங்குபவரின் நிலை. அவருக்கு அது இன்று வேண்டுமா, இந்த அளவு வேண்டுமா, இந்தப் பண்டம் ஆகுமா?

## வழி ஒன்று: தன்னார்வ அமைப்பை அழைப்பது

கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய ராபின் ஹூட் ஆர்மி போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. அழைத்தால் ஆள் வருவார், பார்ப்பார், எடுத்துப் போவார், எங்கே பசி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பெரிய அளவுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அழைக்கும் நேரத்தில்தான் எல்லாம் கெடுகிறது. நான் போன இடங்களில் பாதிக்கு மேல், பந்தி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அழைப்பே வந்தது. தன்னார்வலரும் மனிதர், மறுநாள் அவருக்கு அலுவலகம் உண்டு. கிளம்பி, வண்டி பிடித்து, வந்து சேர நாற்பது நிமிடம். அள்ளி நிரப்ப அரை மணி. நகரத்தின் மறுமூலைக்குப் போக இன்னொரு நாற்பது நிமிடம். அதற்குள் மணி ஒன்றரை. நடைபாதையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தட்டி எழுப்பி “சாம்பார் சாதம் வேண்டுமா?” என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பசி இல்லை, தூக்கம்தான் இருந்தது.

மறைசெலவு இன்னொன்றும் உண்டு: பாத்திரம். அண்டா காண்ட்ராக்டருடையது அல்லது வாடகைக்கு எடுத்தது. அதைக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அமைப்பிடம் அன்று போதிய கலன் இல்லாவிட்டால் நல்ல சோறு கண்ணெதிரே குப்பைக்குப் போகும். ஒரு பெரிய மண்டபத்தில் இப்படி முப்பது கிலோ சோறு போனதை நின்று பார்த்தேன். மூடி போட்ட இருபது லிட்டர் டப்பா நான்கு அங்கேயே இருந்திருந்தால் போதும்.

சில அமைப்புகள் குறைந்தது இத்தனை பேருக்காவது இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். அது நியாயம்தான். எட்டுப் பேர் சாப்பாட்டுக்காகப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் பெட்ரோல்தான் வீணாகும்.

எப்போது இது சரி: ஐம்பது பேருக்கு மேல் மிஞ்சும்போது, அதுவும் கடைசிப் பந்தி உட்காரும்போதே தகவல் போயிருந்தால்.

## வழி இரண்டு: இல்லத்துக்கு நாமே நேரடியாக அனுப்புவது

முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், அரசு மருத்துவமனை வாசல். இடைத்தரகர் இல்லை, நேரம் மிச்சம், போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம். மனத்துக்கும் நிறைவு. இரவு ஆட்டோவுக்கு முந்நூறு நானூறு ஆகும். அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

பெரிய செலவு மறுபக்கத்தில் விழுகிறது. ஓர் இல்லத்துச் சமையல் அம்மா சொன்னது நினைவிருக்கிறது: “வைகாசி முகூர்த்த ஞாயிறு என்றால் மூன்று வண்டி வரும். ஆடியிலும் மார்கழியிலும் எட்டிப் பார்க்க ஆள் இல்லை.” அன்றைக்கு நாற்பது பேருக்கு அவர்கள் ஏற்கெனவே சமைத்து முடித்திருப்பார்கள். கொண்டு வந்தவர் மனம் நோகக் கூடாதென்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் கொட்டுவார்கள். குப்பையின் முகவரிதான் மாறியது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருக்கும் இடத்தில் கிலோக் கணக்கில் லட்டு இறங்குவதும் இப்படித்தான்.

ஆகவே முன்கூட்டிப் பேசி வைக்காமல் இந்த வழியைத் தொடாதீர்கள். பேசி வைத்துவிட்டால், சின்னக் கடைகளுக்கு இதுதான் பொன்னான வழி. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு மிஞ்சும் மெஸ், தெருவுக்குள்ளேயே இருக்கும் ஓர் இல்லம், தினமும் ஒன்பதரைக்கு வந்து வாங்கிப் போக ஒருவர். அவர்களும் இரவு உலையைக் குறைத்து வைப்பார்கள். உண்மையான சேமிப்பு அதுதான்.

## வழி மூன்று: பொதுக் குளிர்ப்பெட்டி

சென்னை பெசன்ட் நகரில் 2017இல் ஒரு பல் மருத்துவர் முன்கை எடுத்து வைத்த குளிர்ப்பெட்டிக்கு ஔவையின் ஆத்திசூடி வரியையே பெயராக இட்டார்கள்: ‘ஐயமிட்டு உண்’. வைப்பவர் யாரென்று எடுப்பவருக்குத் தெரியாது, எடுப்பவர் யாரென்று வைப்பவருக்குத் தெரியாது. கைநீட்டக் கூசுபவருக்கு இதைவிட மரியாதையான ஏற்பாடு இல்லை.

ஆனால் இது டப்பா கணக்குக்கு ஆனது, அண்டா கணக்குக்கு அல்ல. பொட்டலம் கட்டி, பண்டத்தின் பெயரும் சமைத்த நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். ஆவி பறக்கும் சோற்றை உள்ளே திணித்தால் பெட்டி முழுவதும் சூடாகி அடுத்தவர் வைத்த பாலும் கெடும். மின்சாரக் கட்டணம், தினமும் துடைக்க ஆள், பழையதை எடுத்துப் போட ஆள் என்று யாரோ ஒருவர் சுமக்க வேண்டியவை நிறைய. அப்படிப் பொறுப்பான ஆள் இல்லாத பெட்டியில் எதையும் வைக்காதீர்கள். பேக்கரி ரொட்டி, பழம், பால் பாக்கெட், பத்துப் பொட்டலம் டிபன்: இவற்றுக்குச் சரி.

## வழி நான்கு: கடைசி நேரத் தள்ளுபடி

இதை அறம் சாராத வழி என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டரை மணிக்குமேல் பாதி விலை என்று எழுதிப் போட்டால், நாற்பது ரூபாய் கொடுக்க முடியாமல் இருபது மட்டும் வைத்திருக்கும் கட்டடத் தொழிலாளியும் வெளியூர் மாணவனும் வாங்கிப் போவார்கள். யாரிடமும் கைநீட்டவில்லை. உணவும் கெடுவதற்குமுன் வயிற்றுக்குப் போகிறது. கோபன்ஹேகனில் 2015இல் தொடங்கிய டூ குட் டு கோ செயலி இந்த ஒரு யோசனையை வைத்தே பல நாடுகளுக்குப் பரவியது.

மறைசெலவு: முழு விலை கொடுத்துக்கொண்டிருந்த ஏழு மணி வாடிக்கையாளர் எட்டரை மணி வாடிக்கையாளராக மாறிவிடுவார். அதைத் தடுக்க, என்ன பண்டம் மிஞ்சும் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் ‘இன்றைய பை’ என்று ஒரே பொட்டலமாக விற்பது நல்லது. பேக்கரிகளுக்கு இது புதிதும் அல்ல. மீந்த ரொட்டி ரஸ்க் ஆவதும், கேக் வெட்டிய ஓரங்கள் ‘கேக் தூள்’ பாக்கெட் ஆவதும் காலகாலமாக நடப்பதுதானே.

பாக்கெட் பொருள் விற்கும் கடைகளுக்கு இங்கே ஒரு வரிக் கணக்கும் உண்டு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவுப்படி, அழித்த பொருளுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்த பொருளுக்கும் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். குறைந்த விலைக்கு விற்றால் அந்த வரவு தப்பும். ஆக வரியைப் பொறுத்தவரை தானமும் குப்பைத்தொட்டியும் ஒன்று, தள்ளுபடி மட்டும் வேறு. ஐந்து சதவீத ஜிஎஸ்டியில் இயங்கும் உணவகங்களுக்கு உள்ளீட்டு வரவே இல்லை என்பதால் அவர்கள் இதை மறந்துவிடலாம். வருமான வரியில் நன்கொடைக்கான சலுகை கிடைக்குமே என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு அது பொருந்தாது.

## வழி ஐந்து: தீவனம், எரிவாயு, உரம்

எச்சிலுக்கும் கெட்டதற்கும் இதுதான் வழி. பன்றிப் பண்ணைக்காரர் வந்து வாளியோடு எடுத்துப் போவது நம் ஊர் உணவகங்களில் பழைய ஏற்பாடு. செலவில்லாதது. ஆனால் வேகவைக்காத உணவுக் கழிவு வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும். 2020இல் இந்தியாவின் வடகிழக்கில் முதலில் தெரிந்த அந்த நோய் பிறகு தெற்கேயும் வந்துவிட்டது. எடுத்துப் போகிறவர் கொதிக்கவைத்துத்தான் போடுகிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாண எரிவாயுக் கலனில் உணவுக் கழிவு நன்றாகவே வேலை செய்யும். தோராயமாக நூறு கிலோவுக்குப் பத்து கன மீட்டர் வாயு, அதாவது நான்கைந்து கிலோ சிலிண்டர் வாயுவுக்கு ஈடு. நூறு கிலோ கழிவுக்கு இவ்வளவுதானா என்று கேட்டால், ஆம், இவ்வளவுதான். இருந்தாலும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தினமும் 100 கிலோவுக்குமேல் கழிவு உண்டாக்குபவர்களைப் பெருங்கழிவு உருவாக்குபவர்கள் என்று தனியாக வகைப்படுத்தி, ஈரக்கழிவை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே கையாளச் சொன்ன பிறகு, பெரிய ஓட்டல்களுக்கு இது விருப்பம் சார்ந்த காரியம் அல்ல.

## சட்டம் யார் பக்கம்

தயக்கத்துக்கு முக்கியக் காரணம் இதுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் மீந்த உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே 2019இல் விதிமுறைகளை வெளியிட்டது. அவை 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றன. மீந்ததைப் பிரித்து, மூடி, உரிய வெப்பத்தில் வைத்து, என்ன பண்டம், எப்போது சமைத்தது, சைவமா அசைவமா, விற்பனைக்கல்ல, இலவச விநியோகத்துக்கு மட்டும் என்று ஒட்டி, பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பற்ற உணவுக்குத் தண்டனை சொல்லும் 59ஆம் பிரிவில் ‘விற்பவர்’ என்பதோடு ‘விநியோகிப்பவர்’ என்றும் சொல்கிறது. இலவசமாகக் கொடுத்தேன் என்பது மட்டும் தப்பிக்கும் வாசல் ஆகாது. அமெரிக்காவில் 1996இலேயே நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரைக் காக்கத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். பிரான்ஸ் 2016இல் மறுமுனையிலிருந்து வந்தது: 400 சதுர மீட்டருக்குமேல் பெரிய பேரங்காடி, விற்காத நல்ல உணவை வேண்டுமென்றே கெடுத்துப் போட்டால் அபராதம். நம் ஊர் வணிகருக்கு அந்தக் கேடயமும் இல்லை, அந்தச் சாட்டையும் இல்லை. இருப்பது பதிவேடு ஒன்றுதான். நாள், நேரம், பண்டம், அளவு, வாங்கியவர் கையெழுத்து என ஐந்து கட்டம் போட்ட நாற்பது பக்க நோட்டு போதும்; பிரச்சினை வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது அதுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | கெடு | ஏற்ற அளவு | மறைசெலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| தன்னார்வ அமைப்பு | முன்பே சொன்னால் 2 மணி நேரத்துக்குள் | 50 பேருக்கு மேல் | கலன், காத்திருப்பு | மண்டபம், பெரிய கேட்டரிங் |
| நேரடியாக இல்லம் | அரை மணி போதும் | 10 முதல் 50 பேர் | வண்டி. பேசி வைக்காவிட்டால் அங்கே வீணாகும் | மெஸ், சிறு உணவகம் |
| குளிர்ப்பெட்டி | ஆறவைத்த பிறகு | பத்துப் பொட்டலம் | டப்பா, பராமரிப்பு | பேக்கரி, பழக்கடை, வீடு |
| தள்ளுபடி | கடை மூடுமுன் | எதுவும் | முழு விலை வாடிக்கையாளர் நழுவுவது | பேக்கரி, பேரங்காடி |
| தீவனம், எரிவாயு, உரம் | கெடு இல்லை | 100 கிலோவுக்கு மேலும் | கலன் முதலீடு, நோய் அபாயம் | எச்சில் சேரும் எல்லா இடமும் |

## மூவருக்கும் நான் சொன்னது

மண்டப மேலாளருக்கு: தன்னார்வ அமைப்புத்தான், ஆனால் தேதி பதிவு செய்யும் அன்றே. இரண்டு அமைப்புகளின் எண்களைச் சமையல்கட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மூடி போட்ட டப்பா நான்கு மண்டபத்தின் செலவில் வாங்குங்கள். கடைசிப் பந்திக்கு இலை போடும்போது ஒருவர் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். குருமாவையும் சட்னியையும் கொடுக்காதீர்கள்.

அவரிடம் கூடவே ஒன்று சொன்னேன், காண்ட்ராக்டர்களுக்குப் பிடிக்காது. குறைந்தபட்சம் எழுநூற்றைம்பது இலைக்குப் பணம் என்று பேசிவிட்டால், குறைத்துச் சமைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. கடைசி உலையை இரண்டாம் பந்தியின் தலைகளை எண்ணிய பிறகு வைக்கச் சொல்லுங்கள். வேகாத அரிசி மூட்டையிலேயே இருக்கும். அதற்குக் கெடுவும் இல்லை, வண்டியும் வேண்டாம்.

மெஸ் அம்மாவுக்கு: இரண்டு தெரு தள்ளி இருக்கும் இல்லம். தினமும் ஒன்பது மணிக்கு “இன்று இத்தனை பேருக்கு” என்று ஒரு குறுஞ்செய்தி, இல்லாத நாளில் “இன்று இல்லை” என்றும் ஒன்று. அந்த இரண்டாவது செய்திதான் முக்கியம். அது வராத நாளில் அங்கே உலை தாமதமாகும்.

பேக்கரிக்காரருக்கு: எட்டரைக்குப் பாதி விலைப் பை; அதிலும் மீந்தால் ரொட்டி மட்டும் ரஸ்க்குக்கு. கிரீம் கேக்கைத் தானம் என்ற பெயரில் மறுநாள் எங்கும் அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதை நானே என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன், சார்” என்றார்.